சிறிய காரில் குரூஸ் கண்ட்ரோல்: பொருத்தும் முன் அறிய வேண்டிய சட்டமும் ஆபத்தும்

ஓட்டுநர் ஆக்சிலரேட்டர் மிதியிலிருந்து காலை எடுத்த பிறகும், அவர் தேர்ந்தெடுத்த வேகத்திலேயே காரைத் தொடர்ந்து செலுத்தும் அமைப்பே குரூஸ் கண்ட்ரோல் ஆகும். சிறு வயதிலேயே பார்வையிழந்த அமெரிக்கப் பொறியாளர் ரால்ஃப் டீட்டர் 1950-இல் காப்புரிமை பெற்ற இவ்வமைப்பு, 1958-ஆம் ஆண்டுக்கான கிறைஸ்லர் நிறுவனக் கார்களில் விற்பனைக்கு வந்தது. இந்தியாவில் விற்கப்படும் சிறிய கார்களில் இது பெரும்பாலும் விலை உயர்ந்த வகைகளுக்கே அளிக்கப்படுவதால், அடிப்படை வகையை வாங்கியோரில் சிலர் இதற்கான கருவித் தொகுப்பை இணையத்தில் தருவித்துத் தாமே பொருத்த முற்படுகின்றனர். இம்முயற்சி வாகனத்தின் பாதுகாப்பு, சட்டநிலை, வாரண்டி, காப்பீடு ஆகிய நான்கையும் ஒருசேரத் தொடுகிறது.

கருவி செயல்படும் விதம்

பழைய கார்களில் ஆக்சிலரேட்டர் மிதியையும், எஞ்சினுக்குள் செல்லும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் திராட்டில் என்னும் தடுப்பிதழையும் ஒரு கேபிள் இணைத்திருந்ததால், அந்தக் கேபிளை இழுத்துப் பிடிக்கும் பொறி ஒன்றைச் சேர்த்தாலே போதுமானதாக இருந்தது. இன்றைய கார்களில் அக்கேபிள் இல்லை. மிதி எவ்வளவு அழுத்தப்பட்டுள்ளது என்பதை அதிலுள்ள உணரி இரண்டு தனித்தனிச் சமிக்ஞைகளாக எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யு.வுக்கு அனுப்புகிறது; இ.சி.யு. அவ்விரண்டையும் ஒப்பிட்டு, அவை ஒன்றோடொன்று பொருந்தும்போதே திராட்டிலை வழக்கம்போல் இயக்குகிறது. சந்தையில் கிடைக்கும் தொகுப்புகள் பெரும்பாலும் இந்த உணரிக்கும் இ.சி.யு.வுக்கும் நடுவே இணைக்கப்பட்டு, மிதியின்மேல் கால் இல்லாதபோதும் இருப்பதுபோன்ற சமிக்ஞையைத் தாமே உருவாக்கி அனுப்புகின்றன. இதனால், ஓட்டுநரே மிதியை அழுத்திக்கொண்டிருப்பதாக இ.சி.யு. எடுத்துக்கொள்கிறது.

ஆபத்து எங்கே உள்ளது

வேகத்தைப் பிடித்து வைக்கும் எந்தக் கருவிக்கும், விடவேண்டிய நொடியில் தவறாமல் விட்டுவிடுவதே முதற்கடமை. உற்பத்தியாளர் பொருத்தும் அமைப்பில் பிரேக் மிதி, கிளட்ச் மிதி, சக்கரங்களின் வேகம் முதலியவற்றை இ.சி.யு.வே கண்காணித்து, முரண்பாடு தெரிந்தவுடன் அமைப்பை நிறுத்துகிறது. வெளியில் வாங்கிய தொகுப்பிலோ அக்கடமை பெரிதும் அதன் வயர்களை இணைத்தவரின் கைத்திறனைச் சார்ந்து நிற்கிறது. பிரேக் சுவிட்ச்சிலிருந்து எடுத்த இணைப்பு தளர்ந்தால், பிரேக்கை மிதித்த பிறகும் கருவி விலகாமல் போகலாம்; கிளட்ச் இணைப்பைத் தவிர்த்துவிட்டால், கியர் மாற்றும்போது சுமையற்ற எஞ்சின் கட்டுக்கடங்காமல் சீறும். பிரேக் மிதிக்கப்பட்டவுடன் திராட்டிலை மூடும் ஏற்பாடு பல புதிய கார்களில் இருந்தாலும், எல்லாக் கார்களிலும் அது உண்டு என்று நம்பிவிட இயலாது. ஸ்டீயரிங் சக்கரத்தில் பொத்தான்களைப் பொருத்துவதற்காக ஏர்பேக்கைக் கழற்றுவது அதனினும் கடுமையான ஆபத்தாகும்; மின்னிணைப்பை முறைப்படி துண்டிக்காமல் கை வைத்தால், வெடிவேதிப் பொருளால் இயங்கும் அந்த ஏர்பேக் அவ்விடத்திலேயே விரிந்து காயப்படுத்தக்கூடும், அல்லது விபத்து நேரத்தில் விரியாமல் போகக்கூடும்.

ஓடும் காரில் வேகம் குறையாமல் சிக்கிக்கொண்டால், பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே மூச்சில் அழுத்திப் பிடித்து, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, சாலையோரம் வண்டி நின்ற பிறகே எஞ்சினை அணைக்க வேண்டும். திராட்டில் திறந்திருக்கையில் பிரேக்கைத் திரும்பத் திரும்ப மிதித்தால் அதற்குத் துணைசெய்யும் வெற்றிட விசை தீர்ந்துவிடும். ஓடும்போதே சாவியை முழுவதும் திருப்பி எடுத்தால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.

சட்டம் கூறுவது

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து வேறுபடும் வகையில் வாகனத்தை மாற்றியமைப்பதைத் தடைசெய்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கொன்றில் இத்தடையை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் சட்டத் திருத்தம் சேர்த்த 182ஏ(4) பிரிவின்படி, அனுமதிக்கப்படாத முறையில் பாகங்களைப் பொருத்தி வாகனத்தை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். குரூஸ் கண்ட்ரோல் பதிவுச் சான்றிதழில் குறிக்கப்படும் விவரம் அன்று என்பதால் சட்டச் சிக்கல் எழாது எனச் சில விற்பனையாளர்கள் கூறுவதுண்டு. எனினும், எஞ்சினின் கட்டுப்பாட்டில் குறுக்கிடும் ஒரு கருவி உயிரிழப்பை விளைவித்த விபத்துக்குப் பின் ஆய்வுக்கு உள்ளாகும்போது, அந்த வாதம் உரிமையாளரைக் காப்பாற்றும் என்பதற்கு உறுதியேதும் இல்லை.

வாரண்டியும் காப்பீடும்

மத்திய அரசு வகுத்த விவரக்குறிப்புகளின்படி செய்யப்படும் மாற்றத்தால் உற்பத்தியாளரின் வாரண்டி செல்லாததாகாது என்று 52-ஆவது பிரிவே பாதுகாப்பு அளிக்கிறது. ஆனால் அங்கீகாரமற்ற தொகுப்புக்கு அப்பாதுகாப்பு கிடையாது. வயரை வெட்டி இணைத்த இடத்தால் இ.சி.யு. பழுதானால் அச்செலவு உரிமையாளருடையதே. அதேவேளையில், மாற்றத்தோடு தொடர்பில்லாத பாகத்துக்கும் வாரண்டி மறுக்கப்பட்டால், காரணத்தை எழுத்துமூலம் கேட்டுப் பெற்று, அதைச் சேவைக் குறைபாடு என வாதிடும் உரிமை நுகர்வோருக்கு உண்டு. தயாரிப்பாளரின் விலைப் பட்டியலில் அடங்காத மின்னணுச் சாதனங்களைக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்து, கூடுதல் பிரீமியம் செலுத்திப் பாலிசியில் சேர்க்க வழியிருப்பதால், அவற்றை மறைப்பது சொந்தச் சேதத்துக்கான இழப்பீட்டு உரிமையைப் பலவீனப்படுத்தும் செயலாகும்.

குறைதீர்க்கும் வழிகள்

கருவியே குறைபாடுடையதாக இருந்தாலோ, பணம் பெற்றுப் பொருத்தியவர் தவறிழைத்திருந்தாலோ, முதலில் எழுத்துமூலம் முறையிட்டு, பின்னர் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அணுகலாம். அங்கும் தீராதபோது, புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்கறிஞர் இல்லாமலேயே புகார் அளிக்கலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை உள்ள புகார்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால், பாதிப்பு நேர்ந்த வேளையில் பொருள் மாற்றியமைக்கப்பட்டிருந்தால் அதன் விற்பனையாளர்மீது பொருட்பொறுப்பு நடவடிக்கை எடுக்க இயலாது என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 87-ஆவது பிரிவு கூறுவதால், தாமே பொருத்தியவரின் நிலை இயல்பாகவே வலுவிழக்கிறது. காப்பீட்டு நிறுவனம் கோரிக்கையை மறுத்தால், முதலில் அந்நிறுவனத்திடமே எழுத்துமூலம் முறையிட்டு, அதுவும் மறுக்கப்பட்டால் அம்முடிவு கிடைத்ததிலிருந்து ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

ஆகவே இவ்வசதியை விரும்புவோர், தம் காரின் மாதிரிக்கு உற்பத்தியாளரே வழங்கும் பாகம் உண்டா என்பதை அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்தில் எழுத்துமூலம் விசாரித்து, இருந்தால் அங்கேயே பொருத்தி, ரசீதைப் பாதுகாத்து, காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவிப்பதே முறையாகும். அப்படிப்பட்ட பாகம் இல்லையெனில், கால் வலிக்கும்போது இடையிடையே வண்டியை நிறுத்தி ஓய்வெடுப்பதே ஓட்டுபவருக்கும், சாலையில் செல்லும் பிறருக்கும் பாதுகாப்பானது.