கடலில் நிற்குமா பிரீகாஸ்ட்?

கடலோரப் பாலங்களுக்கும் படகுத்துறைகளுக்கும் உத்தரம், தளப்பலகை எல்லாவற்றையும் யார்டிலேயே வார்த்து, கிரேனில் தூக்கிப் பொருத்துவது இன்று வழக்கம். அலைக்கு நடுவே சென்ட்ரிங் அடிக்க வேண்டியதில்லை; தரத்தையும் கண்காணிக்கலாம். ஆனால், பிரீகாஸ்ட் என்பதாலேயே ஆயுள் கூடிவிடாது.

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் 1960களில் கட்டப்பட்ட சான் மேட்டியோ–ஹேவர்ட் பாலமே சாட்சி. 17 ஆண்டுகள் உப்புக்காற்று பட்டதில், சில உத்தரங்களின் அடிப்பக்கமும் காற்றடிக்கும் பக்கமும் வெடித்து, கம்பிகள் துருவேறின. பழுதானவை அனைத்தும் முன்கூட்டியே வார்த்து, நீராவியில் கியூரிங் செய்தவை. பாலத்திலேயே வார்த்து இயல்பாக இறுகவிட்ட உத்தரங்களில் அந்தச் சேதம் இல்லை.

அன்றைய அளவுகோலில் கலவையில் குறை சொல்ல முடியாது. கனமீட்டருக்கு 370 கிலோ சிமென்ட். நீர்–சிமென்ட் விகிதம் 0.45. ஆனால் அவை பருமனான உத்தரங்கள். உள்ளே கம்பியும் நெருக்கம். நீராவிச் சூட்டிலிருந்து ஆறும்போது வெளிப்புறம் முந்தியது, உட்புறம் பிந்தியது. அந்த இழுபறியில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் விழுந்தன என்பது ஆய்வாளர்களின் விளக்கம். கடல் காற்று அவற்றைப் பெரிதாக்கியது.

உப்பு குறிவைப்பது கம்பியை

சிமென்டின் காரத்தன்மை கம்பியின் மேல் ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்குகிறது. உப்பிலுள்ள குளோரைடு உள்ளே இறங்கி அந்தப் படலத்தை உடைக்கிறது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பதால் கான்கிரீட் பெயர்ந்து விழுகிறது. எப்போதும் நீருக்குள் இருக்கும் பகுதிக்கு ஆக்சிஜன் குறைவு. அங்கே துரு மெதுவாகவே ஏறும். மாறி மாறி நனைந்து காயும் ஓதப் பகுதியும் அலை தெறிக்கும் பகுதியும்தான் முதலில் அடிவாங்கும்.

அதனால்தான் இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 (2000), ஓதப் பகுதிக்கு 75 மி.மீ. கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம்), குறைந்தது எம்40 கான்கிரீட், 0.40க்கு மேற்படாத நீர்–சிமென்ட் விகிதம் என்று கேட்கிறது. இரும்பு உலைக் கசடு கலந்த சிமென்ட் குளோரைடின் வேகத்தை இன்னும் மட்டுப்படுத்தும்.

கவனமாகச் செய்தால் பிரீகாஸ்ட் தாங்கும் என்ற நம்பிக்கையில்தான், கனடாவின் 12.9 கி.மீ. கான்ஃபெடரேஷன் பாலத்தை (1997) 100 ஆண்டு ஆயுளுக்கு வடிவமைத்தார்கள்.

ஆகவே, கடலில் நிறுத்தப்போகும் உத்தரத்துக்கு கியூப் டெஸ்ட் அறிக்கை மட்டும் போதாது. கியூரிங்கின் வெப்பப் பதிவையும் கவர் அளவையும் கேட்டு வாங்குங்கள். விரிசல் தென்பட்டால் யார்டிலேயே ஒதுக்கிவிடுங்கள்.