பாதி சரி என்றால் முழுதும் தவறு

‘வ.உ.சிதம்பரனார் ஓட்டப்பிடாரத்தில் பிறந்தார், அங்கேயே காலமானார்.’ சரியா, தவறா?

முதல் பாதியைப் படித்ததுமே ‘சரி’ போடக் கை துடிக்கும். 1872 செப்டம்பர் 5 அன்று அவர் பிறந்தது ஓட்டப்பிடாரத்தில்தான். ஆனால் 1936 நவம்பர் 18 அன்று காலமானது தூத்துக்குடியில். இரண்டு செய்திகளைச் சேர்த்துச் சொல்லும் கூற்றில் ஒன்று பிசகினாலும் மொத்தமும் தவறு.

‘அல்லது’ வந்தால் கணக்கு வேறு. ‘கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டது பாஞ்சாலங்குறிச்சியில் அல்லது கயத்தாற்றில்’ என்ற கூற்று சரி. 1799 அக்டோபர் 16 அன்று அது நடந்த இடம் கயத்தாறு. இரண்டில் ஒன்று உண்மையானால் போதும்.

டி.என்.பி.எஸ்.சி. தேர்வு எழுதுவோரைத் திணறடிப்பது ‘கூற்று, காரணம்’ வகைக் கேள்வி. கூற்று: வ.உ.சி. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். காரணம்: அவர் ஒரு வழக்கறிஞர். தனித்தனியே பார்த்தால் இரண்டும் உண்மை. ஆனால் வக்கீல் தொழில் செய்தவர்கள் எல்லோரும் கப்பல் விடவில்லையே! தூத்துக்குடி–கொழும்பு கடல்வழியில் ஆங்கிலேயக் கப்பல் கம்பெனி செலுத்திய ஆதிக்கத்தை உடைக்கத்தான் அவர் இறங்கினார். ஆகவே இரண்டும் சரி, காரணம் கூற்றை விளக்கவில்லை என்பதே விடை. உண்மையைச் சோதிப்பது ஒரு வேலை. இரண்டு உண்மைகளுக்கு இடையே தொடர்பு இருக்கிறதா என்று பார்ப்பது இன்னொரு வேலை.

‘இருந்தால்’ என்ற சொல்லிலும் கவனம் தேவை. மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு உண்டு, அடுக்களையில் காண்பதைப் போல என்ற வாதத்தை மணிமேகலை எடுத்துக்காட்டாகவே தருகிறது. இதற்கு அடிப்படை ‘புகை இருந்தால் நெருப்பு இருக்கும்’ என்பது. அதைத் திருப்பிப் போட்டு ‘நெருப்பு இருந்தால் புகை இருக்கும்’ என்றால் நிற்காது. பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை.

‘எல்லா’ என்று தொடங்கும் கூற்றை வீழ்த்துவது எளிது. ‘எல்லா முத்துச் சிப்பியிலும் முத்து இருக்கும்’ என்பதைப் பொய்யாக்க வெறும் சிப்பி ஒன்று போதும். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்கள் அள்ளி வந்த சிப்பிகளில் பெரும்பாலானவை அப்படித்தான் இருந்தன. உடலுக்குள் நுழைந்த ஒட்டுண்ணி போன்ற அந்நியப் பொருளைச் சுற்றிச் சிப்பி படலம் படலமாகச் சுரந்தால்தானே முத்து விளையும்? அதற்காக, ‘எந்தச் சிப்பியிலும் முத்து இல்லை’ என்று மறுகோடிக்குப் போனால் அதுவும் தவறு. ‘முத்தில்லாத சிப்பியும் உண்டு’ என்பதே சரியான மறுப்பு.