பன்சக்கி நீராலை

பன்சக்கி என்பது மகாராட்டிர மாநிலத்தின் அவுரங்காபாத் நகரில் (2023 முதல் சத்ரபதி சம்பாஜிநகர்) காம் ஆற்றின் கரையில் அமைந்துள்ள மாவரைக்கும் நீராலை ஆகும். பானி என்பது நீரையும் சக்கி என்பது திரிகையையும் குறிக்கும். பாபா ஷா முசாபிர் என்னும் சூஃபித் துறவியின் தர்கா வளாகத்துள் இது உள்ளது.

அணையில்லா ஆலை

ஆற்றங்கரை ஆலைகள் பொதுவாக ஆற்றின் குறுக்கே தடுப்பணை கட்டி, நீர்மட்டத்தை உயர்த்தி, வாய்க்கால் வழியே நீரைச் சக்கரத்திற்குத் திருப்பி இயங்குவன. பன்சக்கி கரையிலேயே இருந்தும் ஆற்று நீரால் இயங்குவதன்று. காம், மழைக்காலத்தில் பெருகிக் கோடையில் மெலியும் சிற்றாறு. காஞ்சிபுரத்தை அடுத்த செவிலிமேட்டில் பாலாற்றைக் கண்டவர்களுக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆற்றில் எத்தகைய அணை கட்டினாலும் சக்கரம் சுழலாது.

ஆகவே நகருக்கு வடக்கே உள்ள குன்றுகளின் ஊற்று நீர், நிலத்தடியில் பதித்த சுடுமண் குழாய்கள் வழியே சில கிலோமீட்டர் தொலைவு கொண்டுவரப்பட்டது. இதற்கு எவ்விதப் பொறியும் தேவைப்படவில்லை. மூடிய குழாயில் பள்ளத்தில் இறங்கும் நீர், தொடங்கிய மட்டத்திற்குச் சற்றுக் கீழ்வரை தானே மீண்டும் ஏறும். ஆனால் ஒவ்வொரு 10 மீட்டர் இறக்கத்திற்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுவதால் சுடுமண் குழாய் உடையக்கூடும். மேடான இடங்களில் காற்று தங்கி ஓட்டத்தைத் தடுக்கும். இவ்விரண்டையும் தவிர்க்க இடையிடையே கட்டுமானத் தூண்கள் எழுப்பப்பட்டன. இந்நகரில் இத்தகைய நீர்வழிகளுக்கு வழிகாட்டியவர், எத்தியோப்பியாவில் பிறந்து அடிமையாக விற்கப்பட்டுப் பின் அகமதுநகர் அரசின் முதன்மை அமைச்சராக உயர்ந்த மாலிக் அம்பர் (இறப்பு 1626) ஆவார்.

வளாகத்தை அடையும் நீர் உயர்ந்த சுவரொன்றின் உச்சியிலிருந்து அருவிபோல் குளத்தில் விழுகிறது. ஆலையில் நீர்த்தாரை கிடைமட்டச் சக்கரத்தின் அலகுகளைத் தாக்க, அதன் அச்சில் பொருத்திய மேற்கல் சுழல்கிறது. பற்சக்கரம் ஏதும் இல்லாத எளிய அமைப்பு இது. ஏறத்தாழ 164 அடி நீளமும் 31 அடி அகலமும் உள்ள குளத்தின் தரையே கீழுள்ள மண்டபத்திற்குக் கூரையாகும். அதனால் மண்டபம் கோடையிலும் குளிர்ந்திருக்கும்.

வரலாறு

தர்காவுக்கு வந்த பயணிகள், சீடர்கள் ஆகியோரின் உணவுக்கான தானியம் இங்கு அரைக்கப்பட்டது. நாள்தோறும் பலருக்கு மாவு வேண்டிய இடத்தில் கைத்திரிகை உழைப்பு எவ்வளவு கடுமையானது என்பதை எண்ணினால் இவ்வளவு நீண்ட குழாய் பதித்ததன் காரணம் புரியும்.

கட்டப்பட்ட காலம் பற்றி ஒருமித்த கருத்து இல்லை. 1695 என்றும் 1744 என்றும் இரு ஆண்டுகள் கூறப்படுகின்றன. கட்டியவராகக் குறிக்கப்படும் துருக்தாஸ் கான், நிசாம் முதலாம் ஆசஃப் ஜாவின் பணியிலிருந்த பிரபு எனப்படுகிறார். 1671இல் பிறந்த ஆசஃப் ஜா 1724இல்தான் தக்காணத்தில் தன்னாட்சி பெற்றார். எனவே முதல் ஆண்டு ஐயத்துக்குரியது. குளமும் நீரூற்றுகளும் பின்னர் சமீல் பேக் கானால் சேர்க்கப்பட்டவை.

இவ்வளாகம் இன்று சுற்றுலாத் தலமாக உள்ளது. மகாராட்டிர வக்ஃபு வாரியத்தின் அலுவலகமும் இங்கு இயங்குகிறது. மண்ணுள் புதைந்த குழாயின் மேல் நகரம் விரிந்துவிட்டதால், ஆலையைக் காப்பதைவிட அதன் நீர்வழியைக் காப்பதே கடினமாகியுள்ளது.