ஒருமுறையாவது ஆடிப் பாருங்கள்

எங்கள் வீட்டில் தினமும் ஒலிக்கும் வசனம் ஒன்று உண்டு. "போதும், அதை மூடி வை." சொல்பவன் நான். கேட்பவன் (அல்லது கேட்காதவன்) ஒன்பது வயது மகன். அந்தக் காலத்தில் கிட்டிப்புள் ஆடிவிட்டுப் புழுதியோடு வரும்போது என் அம்மா எனக்குக் கொடுத்த அர்ச்சனைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மென்பொருள் எழுதிச் சம்பளம் வாங்கும் ஒருவன் கணினி விளையாட்டைக் கண்டு எரிச்சல்படுவது வேடிக்கைதான். ஆனாலும் என் கருத்து உறுதியாகவே இருந்தது: கணினி விளையாட்டு என்பது நேரத்தைக் கொல்லும் வேலை.

அந்த உறுதி ஆட்டம் கண்டது 2024-ல், 'இபெலின்' என்ற நார்வே ஆவணப்படத்தைப் பார்த்தபோது. பெஞ்சமின் ரே இயக்கிய படம். அந்த ஆண்டு சன்டான்ஸ் திரைப்பட விழாவில் உலக ஆவணப்படப் பிரிவில் இயக்கத்துக்கான விருதும் பார்வையாளர் விருதும் பெற்றது. கதை நான் வசிக்கும் இதே ஓஸ்லோவில் நடந்த உண்மைக் கதை.

மாட்ஸ் ஸ்டேன் 1989-ல் பிறந்தவர். டுஷேன் எனப்படும் தசைச் சிதைவு நோய் இருப்பது சிறு குழந்தையாக இருந்தபோதே தெரிந்துவிட்டது. மெல்ல மெல்லத் தசைகள் வலுவிழந்து, சக்கர நாற்காலி, பிறகு சுவாசக் கருவி என்று போகும் நோய். கடைசி ஆண்டுகளில் விழித்திருந்த நேரத்தில் பெரும்பகுதி 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்ற இணைய விளையாட்டில்தான் கழிந்தது. 2014 நவம்பரில், 25 வயதில் இறந்தார். பெற்றோரின் துக்கத்தில் கூடுதலாக ஒரு துக்கம்: பையனுக்கு நட்பு, காதல் எதுவுமே கிடைக்காமல் போய்விட்டதே என்று.

மாட்ஸ் எழுதி வந்த வலைப்பதிவில் அப்பா ராபர்ட் மரணச் செய்தியைப் போட்டு, தன் மின்னஞ்சல் முகவரியையும் கொடுத்தார். பிறகு நடந்ததை அவர்கள் எதிர்பார்க்கவில்லை. பல நாடுகளிலிருந்து கடிதங்கள் வந்து குவிந்தன. விளையாட்டில் மாட்ஸின் பெயர் இபெலின். 'ஸ்டார்லைட்' என்ற குழுவில் அவர் ஒரு தூணாகவே இருந்திருக்கிறார். அழுதவர்களுக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறார். மகனோடு நெருங்க முடியாமல் தவித்த ஒரு தாய்க்கு, மகனுடன் சேர்ந்து விளையாட்டுக்குள் வரும்படி யோசனை சொல்லியிருக்கிறார். காதலும் இருந்திருக்கிறது, சண்டையும் இருந்திருக்கிறது. குழுவினர் சேமித்து வைத்திருந்த உரையாடல்கள் சுமார் 42,000 பக்கம்! அவற்றைக் கொண்டுதான் படத்தின் பெரும்பகுதி எடுக்கப்பட்டது. ஓஸ்லோவின் மேற்கு மயானத்தில் நடந்த இறுதிச் சடங்குக்கு வெளிநாடுகளிலிருந்தும் குழுவினர் வந்திருந்தனர்.

அந்தப் பெற்றோர் அன்பில்லாதவர்கள் இல்லை. மகன் திரையைப் பார்ப்பதைத்தான் அவர்கள் பார்த்தார்கள், திரைக்குள் என்ன நடந்தது என்பதைப் பார்க்கவில்லை. அப்பா ராபர்ட்டே இதை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

படம் முடிந்து வீடு திரும்பியபோது ஒரு முடிவுக்கு வந்தேன். ஆடிப் பார்க்காமல் தீர்ப்பு சொல்வதில்லை. அதன்பின் ஆடியவற்றில் ஐந்தை இங்கே சிபாரிசு செய்கிறேன். நான்கு நார்வேக்காரை, ஒன்று நம்முடையது. எதற்கும் மின்னல் வேக விரல்கள் வேண்டாம். எழுத்தாலோ திரைப்படத்தாலோ தர முடியாத ஏதோ ஒன்று ஐந்திலும் இருக்கிறது. கதையில் இன்னொருவர் செய்வதை நாம் பார்க்கிறோம், விளையாட்டில் செய்வது நாமே. நல்ல விளையாட்டின் சூட்சுமம் இவ்வளவுதான்.

1. டிராகன்பாக்ஸ்

2012-ல் நார்வேயில் உருவானது. உருவாக்கியவர்களில் முக்கியமானவர் ழான்-பத்தீஸ்த் ஹுய்ன் என்ற கணித ஆசிரியர். இப்போது ஓஸ்லோவின் 'கஹூட்' நிறுவனத்திடம் இருக்கிறது.

திரையில் இரண்டு தட்டுகள். இரண்டிலும் மீன், பூச்சி என்று படம் போட்ட சீட்டுகள். ஒரு தட்டில் மட்டும் மினுமினுக்கும் பெட்டி ஒன்று. அந்தப் பெட்டியைத் தனியாக விட்டால் வெற்றி. ஒவ்வொரு சீட்டுக்கும் இருண்ட ஜோடி ஒன்று உண்டு. இரண்டையும் சேர்த்தால் பச்சைச் சுழல் ஒன்று தோன்றும், அதைத் தொட்டால் மறைந்துவிடும். புதிய சீட்டை ஒரு தட்டில் போட்டால் அதேபோல் ஒன்றை மறு தட்டிலும் போட்டாக வேண்டும். விதி இவ்வளவுதான்.

குழந்தை பாட்டுக்கு ஆடிக்கொண்டே போகும். சில கட்டங்கள் கழித்து மீன் இருந்த இடத்தில் 'ஏ' என்ற எழுத்து வரும். பூச்சி 'பி' ஆகும். கடைசியில் பெட்டி 'எக்ஸ்' ஆகிவிடும், தட்டுகளுக்கு நடுவே சமக்குறி வந்து நிற்கும். அதாவது, இவ்வளவு நேரம் குழந்தை செய்தது இயற்கணிதம்!

எங்கள் பள்ளியில் சொல்லிக் கொடுத்தது என்ன? "அந்தப் பக்கம் போனால் பிளஸ் மைனஸ் ஆகும்." ஏன் ஆகும் என்று கேட்டால் பெஞ்சு மேல் நிற்க வேண்டும். உண்மையில் எதுவும் அந்தப் பக்கம் போவதில்லை. இருபுறமும் ஒரே அளவைச் சேர்க்கிறோம், ஒருபுறம் அது பூஜ்யமாகி மறைகிறது, மறுபுறம் தங்கிவிடுகிறது. தராசு சாயாமல் பார்த்துக்கொள்வதுதான் சமன்பாடு. முதுகலைப் பொறியியல் வரை சமன்பாடுகளோடு குடித்தனம் நடத்திய எனக்கே இது இவ்வளவு எளிதாக முன்பு தோன்றியதில்லை. ஒன்று மட்டும்: ஆட்டத்தில் ஜெயித்தவன் தாளில் தானாகப் போட்டுவிடுவான் என்று நம்பிவிடாதீர்கள். பேனாவும் தாளும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார வேண்டியது நம் வேலை.

2. மை சைல்ட் லேபன்ஸ்போர்ன்

பட்டியலில் மிகக் கனமானது இது. ஓஸ்லோவுக்கு வடக்கே, ரயிலில் போகும் தூரத்தில் ஹாமார் என்ற சிறு நகரம் இருக்கிறது. அங்குள்ள சாரெப்தா ஸ்டூடியோவும் தெக்னோபைலட்டும் சேர்ந்து 2018-ல் வெளியிட்டது. 2019-ல் பாஃப்டா விருது பெற்றது.

கொஞ்சம் சரித்திரம் தேவைப்படுகிறது. 1940 ஏப்ரல் முதல் 1945 மே வரை நார்வே ஜெர்மனியின் பிடியில் இருந்தது. ஜெர்மானியச் சிப்பாய்களுக்கும் நார்வேப் பெண்களுக்கும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் பிறந்தன. நாஜிகளின் 'லேபன்ஸ்போர்ன்' திட்டத்துக்கு இவர்கள் 'உயர்ந்த இன' வாரிசுகள். போர் முடிந்ததும் நார்வே சமூகத்துக்கு இவர்களே எதிரியின் பிள்ளைகள். தாய்மார்கள் பலர் அவமானப்படுத்தப்பட்டனர், அடைத்து வைக்கப்பட்டனர். பிள்ளைகள் பள்ளியிலும் தெருவிலும் பட்டது தனிக்கதை. ஆபா இசைக்குழுவின் பாடகி அன்னி-ஃப்ரிட் லிங்ஸ்டாட் 1945-ல் நார்விக் அருகே ஒரு ஜெர்மானியச் சிப்பாய்க்குப் பிறந்தவர்தான். பாட்டி அவரை ஸ்வீடனுக்குக் கொண்டு போய்விட்டார். இந்தப் பிள்ளைகளிடம் பிரதமர் பொண்டெவிக் மன்னிப்புக் கேட்டது 2000-ம் ஆண்டின் புத்தாண்டு உரையில். தாய்மார்களிடம் பிரதமர் ஏர்னா சூல்பர்க் மன்னிப்புக் கேட்டதோ 2018 அக்டோபரில். அதற்குள் பெரும்பாலானோர் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

விளையாட்டில் நீங்கள் அப்படியொரு குழந்தையின் வளர்ப்புப் பெற்றோர். கிளாஸ் என்ற பையனையோ காரின் என்ற பெண்ணையோ தேர்ந்தெடுக்கலாம். சமைக்க வேண்டும், குளிப்பாட்ட வேண்டும், கிழிந்த சட்டையைத் தைக்க வேண்டும், கதை படிக்க வேண்டும். கையில் காசும் குறைவு, நேரமும் குறைவு. கூடுதல் நேரம் வேலை செய்தால் ரொட்டி வாங்கலாம், ஆனால் குழந்தை வீட்டில் தனியாக இருக்கும். முதலில் துள்ளிக்கொண்டு பள்ளிக்குப் போன குழந்தை, நாளாக ஆகத் தலை குனிந்து திரும்பி வரும். என்ன நடந்தது என்று கேட்பீர்கள். சொல்லாது.

பழக்கதோஷத்தில் எந்தப் பொத்தானை அழுத்தினால் இந்தக் கொடுமை நிற்கும் என்று தேடினேன். அப்படி ஒரு பொத்தான் இல்லை. ஊரை உங்களால் திருத்த முடியாது. மாலையில் அந்தக் குழந்தை பக்கத்தில் இருக்க முடியும், அவ்வளவுதான். ஓஸ்லோவில் ஈழத்துக் குடும்பங்கள் நிறைய. பெரியவர்களின் போருக்குப் பிள்ளைகள் விலை கொடுப்பதைப் பற்றி அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. போரைச் செய்தியாக மட்டுமே அறிந்த என் போன்றவர்கள் அவசியம் ஆட வேண்டும். சின்னக் குழந்தைகளுக்கு வேண்டாம்.

3. அமாங் த ஸ்லீப்

இதுவும் ஹாமாரில் பிறந்ததே. கிரில்பைட் ஸ்டூடியோ, 2014. இதில் நீங்கள் இரண்டு வயதுக் குழந்தை. உலகமே தரையிலிருந்து இரண்டடி உயரத்தில்தான் தெரியும். கதவைத் திறக்க நாற்காலியை இழுத்துப் போட்டு ஏற வேண்டும். இருட்டில் பயமாக இருந்தால் கரடி பொம்மையைக் கட்டிக்கொள்ளலாம், கொஞ்சம் வெளிச்சம் வரும். நள்ளிரவில் விழித்த குழந்தை அம்மாவைத் தேடிப் போவதுதான் கதை. முடிவைச் சொல்லமாட்டேன். அடுத்த அறையில் பெரியவர்கள் குரலை உயர்த்தினால் அந்த உயரத்தில் அது எப்படிக் கேட்கும் என்று எனக்கு இதற்குமுன் யோசனை வந்ததில்லை. பேய்ப்படம் பார்ப்பது போன்ற பயம் உண்டு, எனவே பெற்றோர்கள் மட்டும் ஆடவும்.

4. தி லாங்கஸ்ட் ஜர்னி

ஓஸ்லோவின் ஃபன்காம் நிறுவனம் 1999-ல் வெளியிட்ட பழைய விளையாட்டு. ராக்னார் டோர்ன்க்விஸ்ட் எழுதி இயக்கியது. ஏப்ரல் ரையன் என்ற ஓவிய மாணவி, அறிவியல் ஆளும் உலகத்துக்கும் மாயம் ஆளும் உலகத்துக்கும் இடையே போய்வருகிறாள். சுட்டியால் தொட்டுத் தொட்டு, எல்லோரிடமும் பேசிப் பேசி முன்னேற வேண்டும். பேச்சு அதிகம், வேகம் குறைவு. தடித்த நாவல் படிக்கும் பொறுமை உள்ளவர்களுக்கு ஏற்றது. ரயில் தண்டவாளத்தில் விழுந்த சாவியை ரப்பர் வாத்தைக் கொண்டு எடுக்கும் புதிர் ஒன்று உண்டு. எந்தப் பொறியியல் பாடத்திலும் அந்தத் தீர்வு கிடையாது! கெட்ட வார்த்தைகள் அங்கங்கே வரும், பெரியவர்களுக்கே.

இவ்வளவு சிறிய நாட்டில் இப்படிப்பட்டவை எப்படி வருகின்றன என்று கேட்கலாம். நார்வே திரைப்படக் கழகம் திரைப்படங்களுக்குப் போலவே கணினி விளையாட்டுகளுக்கும் மானியம் தருகிறது. நூலகங்கள் புத்தகங்களோடு விளையாட்டுகளையும் இரவல் தருகின்றன. அரசின் பார்வையில் இதுவும் ஒரு கலை.

அதற்காக எல்லா விளையாட்டும் நல்லது என்று சொல்ல வரவில்லை. 2022-ல் நார்வே நுகர்வோர் மன்றம், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் காசு கொடுத்து வாங்கும் 'அதிர்ஷ்டப் பெட்டிகள்' பற்றிக் கடுமையான அறிக்கை ஒன்றை வெளியிட்டது. கிட்டத்தட்ட சூதாட்டம் அது, குழந்தைகளின் கையில் கொடுக்கப்பட்ட சூதாட்டம். நான் சொல்லும் ஐந்திலும் அது கிடையாது. உங்கள் பிள்ளை ஆடுவதில் இருக்கிறதா என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

5. வெண்பா

கடைசியாக நம்முடையது. டொரோன்டோவின் 'விசை கேம்ஸ்' 2023-ல் வெளியிட்டது. 2024-ல் முதல் படைப்புக்கான பாஃப்டா விருது பெற்றது. 1980களில் கனடாவில் குடியேறிய தமிழ்த் தம்பதி வெண்பா, பாவலன். மகன் கவின். அம்மா கொடுத்தனுப்பிய சமையல் குறிப்பு நோட்டு கிழிந்தும் அழிந்தும் கிடக்கிறது. விட்டுப்போன வரிகளை ஊகித்துச் சமைக்க வேண்டும், அதுதான் ஆட்டம். பின்னணியில், பல காலகட்டத்துத் தமிழ்த் திரையிசைச் சாயலில் புதிதாக அமைத்த பாடல்கள். இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். சமையலுக்கு நடுவே கவின் வளர்கிறான். வளர வளரத் தமிழ் அவனுக்குக் கூச்சமாகிறது. அம்மா தமிழில் கேட்க, பிள்ளை வேறு மொழியில் பதில் சொல்லும் வீடு எது என்று எனக்குத் தெரியும். ஓஸ்லோவில் என் வீடு.

இதை மகனோடு சேர்ந்து ஆடினேன். முதல் புதிரே இட்லி. தட்டுகளை எப்படி அடுக்குவது என்று அவனுக்குப் புரியவில்லை. எனக்கும்தான். இத்தனை வருடம் இட்லி தின்றவன், தட்டில் ஏன் ஓட்டை இருக்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. ஊரில் அம்மாவுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன்.

"பாட்டி, இட்லித் தட்டு... எப்படி வைக்கணும்?"

"குழிக்கு மேல குழி வராம மாத்தி வைக்கணும்டா கண்ணு. அப்பதான் எல்லாத்துக்கும் ஆவி போகும். ஏன், அப்பா இட்லி ஊத்தறானா?"

"இல்ல பாட்டி. நான்தான் ஊத்தறேன். கேம்ல."

அம்மாவுக்கு அது என்ன என்று விளங்கவில்லை. ஆனால் பேச்சு நிற்கவில்லை. வழக்கமாக "நல்லா இருக்கேன் பாட்டி" என்பதோடு போனை என்னிடம் நீட்டிவிடுபவன், அன்று அரை மணி நேரம் தட்டுத் தடுமாறித் தமிழில் பேசினான். ஆட்டம் பாதியில் நின்றது. அன்று "போதும், மூடி வை" என்று நான் சொல்லவில்லை.