பூட்டிக்கொண்ட டேட்டாபேஸ்... கைகொடுக்கும் பழைய அலமாரி! கிழக்கு ஆசிய நூலகத்தை நடத்துவது ஏன் சவால்?

2023 மார்ச் மாதம், வெளிநாட்டுப் பல்கலைக்கழக நூலகங்கள் பலவற்றுக்கு சீனாவிலிருந்து ஒரு தகவல் வந்தது. சீனாவின் மிகப்பெரிய ஆய்வுத் தரவுத்தளமான 'சிஎன்கேஐ', முனைவர் பட்ட ஆய்வேடுகள், மாநாட்டுக் கட்டுரைகள், புள்ளிவிவர ஆண்டு நூல்கள் உள்ளிட்டவற்றை ஏப்ரல் 1 முதல் நிறுத்திவைப்பதாகச் சொன்னது. நாட்டுக்கு வெளியே தரவுகளை அனுப்புவதற்கான பாதுகாப்பு விதிகளைக் காரணம் காட்டியது.

சந்தா கட்டியாச்சு, ஆனால் படிக்க முடியாது. பாதி ஆய்வில் நிற்கும் மாணவர் யாரிடம் போவார்? பல்கலைக்கழகத்தின் கிழக்கு ஆசிய நூலகத்தை நடத்துபவரிடம்தான்.

அது என்ன நூலகம்?

சீன, ஜப்பானிய, கொரிய மொழி நூல்களுக்கென ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்கள் வைத்திருக்கும் தனி நூலகம் இது. அமெரிக்காவில் பிரபலமான உதாரணம், ஹார்வர்டு-யென்ச்சிங் நூலகம். 1879-ல் சீன மொழி கற்பிக்க கெ குன்ஹுவா என்ற ஆசிரியர் ஹார்வர்டுக்கு வந்தார். அவரது வகுப்புக்காக வாங்கிய சில புத்தகங்கள்தான் ஆரம்பம். 1928-ல் தனி நூலகமாக உருவானது. இன்று திபெத்திய, மங்கோலிய, மஞ்சு, வியட்நாமிய நூல்களும் சேர்த்து 15 லட்சத்துக்கும் அதிகமான தொகுதிகள் இங்கே உள்ளன.

எழுத்தே முதல் தலைவலி

அதன் முதல் நூலகர் கைமிங் சியூ. சீன நூல்களை எப்படி அடுக்குவது என்பதற்கு அமெரிக்காவில் அப்போது பொதுவான முறை கிடையாது. அவரே ஒரு வகைப்பாட்டு முறையை உருவாக்கினார். வேறு பல கிழக்கு ஆசிய நூலகங்களும் அதைப் பின்பற்றின. 1965 வரை அவர்தான் பொறுப்பில் இருந்தார்.

அடுத்த சிக்கல், பெயர்கள். நமக்குத் தெரிந்த 'மாவோ சே துங்'தான் 'மாவோ ஜெடோங்'. சீன எழுத்து ஒன்றுதான், ரோமன் எழுத்தில் எழுதும் முறைதான் இரண்டு. 2000 அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பழைய முறையை விட்டு 'பின்யின்' முறைக்கு மாறியது. மற்ற நூலகங்களும் தங்கள் பட்டியல்களை மாற்ற வேண்டியதாயிற்று. பட்டியலில் பெயர் தப்பினால், புத்தகம் அலமாரியில் இருந்தும் இல்லாத மாதிரிதான்!

குப்பையா, ஆவணமா?

எதை வாங்குவது என்ற முடிவுதான் தலைமை நூலகரின் பெரிய பொறுப்பு. சியூவுக்குப் பின் 1997 வரை பொறுப்பில் இருந்தவர் யூஜின் வூ. 1989 தியானன்மென் போராட்டம் தொடர்பான துண்டுப் பிரசுரங்கள், படங்கள் போன்றவை அவர் காலத்தில் ஹார்வர்டில் சேர்க்கப்பட்டன. பார்ப்பவருக்கு அது வெறும் காகிதக் குப்பை. ஆனால், அந்தப் போராட்டத்தைப் பற்றி சீனாவுக்குள் வெளிப்படையாகப் பேசவே முடியாத நிலையில், வரலாற்றாசிரியருக்கு அதுதான் சாட்சி.

டிஜிட்டல் வந்தால் பிரச்சினை தீருமா?

பாதிதான் தீரும். 2009-ல் ஹார்வர்டும் சீன தேசிய நூலகமும் கைகோத்து, யென்ச்சிங்கில் உள்ள 51,500 அரிய சீனத் தொகுதிகளை டிஜிட்டல் ஆக்க ஒப்பந்தம் போட்டன. கடல் தாண்டிப் போன நூல்களை சீன வாசகர்களும் வீட்டிலிருந்தே பார்க்க அது வழிசெய்தது.

ஆனால், சந்தா டேட்டாபேஸ் கதை வேறு. அச்சுப் புத்தகத்தை ஒருமுறை வாங்கினால் அது நூலகத்தின் சொத்து. சந்தா என்பது வாடகை வீடு மாதிரி. உரிமையாளர் பூட்டு போட்டால் வெளியேதான் நிற்க வேண்டும்.

அப்போ என்னதான் செய்வது?

முக்கியமானவற்றை அச்சிலும் வாங்கி வைக்கலாம். ஒப்பந்தம் போடும்போதே, 'சந்தா நின்றாலும் பணம் கட்டிய ஆண்டுகளின் இதழ்களை நாங்கள் பார்க்கலாம்' என்ற நிபந்தனையைக் கேட்கலாம். மற்ற நூலகங்களோடு பிரித்து வாங்கி, இரவல் கொடுத்து வாங்கலாம். இது அத்தனைக்கும் பணம், இடம், மொழி தெரிந்த ஆட்கள் வேண்டும். 'எல்லாம் ஆன்லைனில் இருக்கே, எதற்கு இத்தனை செலவு?' என்று கேட்கும் நிர்வாகத்திடம் அதற்காக வாதாடுவதும் தலைமை நூலகரின் வேலைதான்.

2023-ல் பூட்டு விழுந்தபோது, அச்சில் வாங்கி வைத்த ஆண்டு நூல்கள் அலமாரியில் அப்படியே இருந்தன. அந்தக் கேள்விக்கு அதுவே பதில்.