மிகையான வசதியும் மென்பொருளின் காப்பும்

மூலநிரல் யாவர்க்கும் திறந்துள்ள மென்பொருள்களுக்குப் பலரும் புதிய பகுதிகளை எழுதி உதவுகின்றனர். எனினும் வந்தவற்றையெல்லாம் சேர்த்துக்கொள்வது நன்மையன்று. இணையச் செய்திகளை மறையாக்கிக் காக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் இதற்குத் தக்க சான்றாகும்.

இணைப்பு நீடிக்கின்றதா எனச் சோதிக்கும் ‘இதயத்துடிப்பு’ என்னும் வசதி 2012-இல் வெளிவந்த பதிப்பில் சேர்ந்தது. பெரும்பாலோர்க்குத் தேவைப்படாத அவ்வசதி, தானாகவே இயங்கும் நிலையில் வைக்கப்பட்டது. அனுப்புவோர் குறிப்பிடும் நீளம் மெய்தானா என்று சரிபாராத பிழையால், ஒவ்வொரு முறையும் 64 கிலோபைட் வரை நினைவகத்திலுள்ள இரகசியங்கள் கசிய இடமேற்பட்டது. 2014 ஏப்ரலில் இது வெளிப்பட்டதும், ஓப்பன்பிஎஸ்டி குழுவினர் அந்நிரலைத் தனியே பிரித்தெடுத்து, முதல் வாரத்திலேயே சுமார் 90,000 வரிகளை நீக்கினர். லிப்ரெஎஸ்எஸ்எல் இவ்வாறு தோன்றியது.

ஆகவே எப்பகுதியையும் ஏற்குமுன், அது எத்தனை பேருக்குத் தேவை, பின்னர் அதனைப் பேணுபவர் யாவர் என்னும் இரு வினாக்களுக்கு விடை காணுதல் இன்றியமையாதது.