மினுமினுக்கும் காக்காப் பொன்!

இஸ்திரிப் பெட்டியைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உள்ளே கண்ணாடி போல ஒரு தகடு இருக்கும். உரித்தால் ஏடு ஏடாக வரும்.

அதுதான் அபிரகம். காக்காப் பொன் என்பதும் இதைத்தான். சூட்டைத் தாங்கும். மின்சாரத்தைக் கடத்தாது. பொடியாக்கினால் மினுமினுக்கும். பெண்கள் பூசும் உதட்டுச் சாயத்திலும், காருக்கு அடிக்கும் பெயிண்டிலும் இந்தப் பொடி இருக்கிறது.

இது எங்கிருந்து வருகிறது?

ஜார்க்கண்டு மாநிலத்தில் கோடர்மா, கிரிடி என்று இரண்டு மாவட்டங்கள். வெள்ளைக்காரர் காலத்திலேயே அங்கு சுரங்கம் வெட்டினார்கள். 1980-ம் ஆண்டில் காடுகளைக் காக்கச் சட்டம் வந்தது. பல சுரங்கங்கள் மூடப்பட்டன. பிழைப்புப் போயிற்று. ஆனால் மண்ணுக்குள் அபிரகம் அப்படியே இருந்தது. ஜனங்கள் தாங்களே குழி தோண்டினார்கள். பழைய மண் மேடுகளைக் கிளறினார்கள். குழந்தைகளும் கூடையுடன் கூடவே போனார்கள்.

எலி வளை போன்ற குழி அது. பெரியவர் நுழைய முடியாது. சிறுவன் நுழைந்து விடுவான். மண் சரிந்தால்? 2016-ம் ஆண்டு ஜூன் முதல் ஆகஸ்டுக்குள் 7 குழந்தைகள் மாண்டதாகச் செய்தி வெளியாயிற்று. போலீசுக்குப் போனால் பிழைப்புக் கெடும் என்று பெற்றோர் வாய் திறப்பதில்லை.

கணக்கு உதைத்தது!

2013-14-ம் ஆண்டில் இந்தியாவில் எடுத்த அபிரகம் சுமார் 19 ஆயிரம் டன் என்றது சர்க்கார் கணக்கு. கப்பல் ஏறியதோ சுமார் 1 லட்சத்து 28 ஆயிரம் டன்! மீதி எங்கிருந்து முளைத்தது?

கூடையில் இருக்கும் வரை, பொறுக்கியது யார் என்று தெரியும். வியாபாரியின் மூட்டையில் கலந்து விட்டால் யாருக்குத் தெரியும்?

"இந்தச் சரக்கே வேண்டாம்" என்று சில அழகுப்பொருள் கம்பெனிகள் செயற்கை அபிரகத்துக்கு மாறின. ஆனால் வாங்குவதை எல்லோரும் நிறுத்தினால், அந்த வீடுகளில் அடுப்பு எரியாது.

ஆகவே 2017-ல் பல கம்பெனிகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து ஓர் அமைப்பைத் தொடங்கின. அதன் தலைமையிடம் பாரிஸ். மூட்டை எந்த ஊரில் கட்டியது என்று கம்பெனிகள் விசாரிக்க வேண்டும். குழந்தை பள்ளிக்கூடம் போக வேண்டும். பெற்றோருக்கு வேறு வருமானமும் வேண்டும். நோபல் பரிசு பெற்ற கைலாஷ் சத்யார்த்தியின் நிறுவனமும் அந்தக் கிராமங்களில் குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்கிறது.

மடகாஸ்கர் தீவிலும் அபிரகம் கிடைக்கிறது. அங்கும் பொறுக்குகிறவர்களில் குழந்தைகள் உண்டு.